சிறு ஊர் எக்ஸ்ரே சென்டருக்கு எந்த ட்ரை ஃபிலிம்? லேசரா, தெர்மலா, இங்க்ஜெட்டா, ஃபிலிமே வேண்டாமா?

வெள்ளகோவிலில் எக்ஸ்ரே சென்டர் தொடங்கவிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் காங்கேயம் வந்து என்னைப் பார்த்தார். டி.ஆர் மெஷின், அதாவது படத்தை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் எக்ஸ்ரே, முடிவாகிவிட்டது. அறைக்கு ஈயத்தகடு அடித்தாகிவிட்டது. ஏ.இ.ஆர்.பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமத்துக்கும் போட்டாகிவிட்டது.

"ஏனுங்ணா, பிரிண்டரு மட்டுந்தான் பாக்கி. லேசர் எடுக்கறதா, தெர்மல் எடுக்கறதா, இல்ல இங்க்ஜெட்லயே ஓட்டிக்கலாமுங்களா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதக் கேட்டாலும் தண்ணி வேண்டாம், கெமிக்கல் வேண்டாம், சுற்றுச்சூழலுக்கு நல்லதுங்கறாங்க."

இருட்டறையில் தொட்டிக்குள் ஃபிலிமை முக்கி எடுத்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். அவரிடம் சொன்னதையே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தாராபுரம், மூலனூர், பெருந்துறை, கோபி என்று இதே முடிவை எடுக்க வேண்டிய சிறு சென்டர்கள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் தரத்தில் லேசருக்கும் தெர்மலுக்கும் உள்ள இடைவெளி, விற்கிறவர்கள் காட்டுவதைவிட மிகச் சின்னது. சுற்றுச்சூழல் என்று வந்தால், எந்த ஃபிலிம் என்பதைவிட ஒரு நாளைக்கு எத்தனை ஷீட் என்பதுதான் பெரிய கணக்கு.

தொட்டிக் காலம்

பழைய முறையை ஞாபகம் வைத்துக்கொண்டால்தான், தொட்டியும் தண்ணீரும் இல்லாமல் பிரிண்டரில் அடிக்கும் ட்ரை ஃபிலிம் எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை என்பது விளங்கும். வெள்ளி உப்பு பூசிய ஃபிலிமை முதலில் டெவலப்பரில் போடுவோம். அதில் ஹைட்ரோகுவினோனும் சல்ஃபைட்டும் இருக்கும், நல்ல காரம். பிறகு ஃபிக்ஸர். எங்கள் பேச்சில் அது ஹைப்போ. வெளிச்சம் படாத வெள்ளி உப்பையெல்லாம் அது கரைத்து எடுத்துக்கொள்ளும். கடைசியாக ஓடுகிற தண்ணீரில் கழுவல். காங்கேயம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கழுவிக் காயவைத்த படத்தில் வெள்ளைத் திட்டுப் படியும். அதைச் சளி என்று நினைத்துவிடாமல் இருக்க, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் கொடுப்போம்.

பழைய ஹைப்போவில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி இருக்கும். அதற்காகவே கேனோடு வந்து வாங்கிப்போக ஆள் உண்டு. டெவலப்பரை வாங்க யாரும் வரமாட்டார்கள். அது நேராகச் சாக்கடைக்குப் போகும். நான் முதலில் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான் போனது. அந்தச் சாக்கடை ஓரத்து அருகம்புல் மட்டும் எப்போதும் கருகிக் கிடக்கும். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அது இப்போதும் உறுத்துகிறது.

நொய்யலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கழிவுநீர் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் கிடங்காக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னபோது திருப்பூரே நின்றுபோனதும் நமக்குத் தெரியும். ஒரு எக்ஸ்ரே அறையின் கழிவு அந்த அளவில் தூசு. ஆனால் சாய ஆலைக்குக் கண்காணிப்பு உண்டு, இருட்டறைக்கு யாரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. 2016-இன் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில், எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய வெள்ளிக் கரைசல் மஞ்சள் பிரிவின் திரவ இரசாயனக் கழிவாகப் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. தனியாகச் சேகரித்து, மீட்க வேண்டியதை மீட்டு, சுத்திகரித்த பிறகே பொதுக் கழிவுநீரோடு விடவேண்டும்.

டெவலப்பரும் ஹைப்போவும் கழுவல் தண்ணீரும் இல்லாமல் செய்தது ட்ரை ஃபிலிமின் உண்மையான சாதனை. அந்த ஒரு காரணத்துக்கே ஈர முறைக்குத் திரும்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். இனி புதிதாகத் தொடங்குகிற யாரும் அதைப் பரிசீலிக்கவே தேவையில்லை.

ட்ரை என்று ஒரே பெயர், உள்ளே மூன்று சரக்கு

லேசர் ட்ரை ஃபிலிமில் பாலியெஸ்டர் தகட்டின் மேல் சில்வர் பெஹனேட் என்ற வெள்ளி உப்பு, கொஞ்சம் சில்வர் ஹாலைடு, வெள்ளியைக் கருக்கவைக்கும் ஒரு பொருள் மூன்றும் சேர்ந்தே இருக்கும். லேசர் கோடு கோடாகப் படத்தை எழுதும். பிறகு 120 டிகிரியை ஒட்டிச் சூடான உருளையில் சில விநாடி உருண்டு வரும்போது படம் கருத்து எழும். டெவலப்பர் தொட்டி போய்விட்டது என்கிறோம், உண்மையில் அது ஃபிலிமுக்குள்ளேயே குடியேறிவிட்டது. பெஹனிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் பென் எண்ணெயிலிருந்து வந்தது, அதாவது முருங்கை விதை எண்ணெய். மூலனூர் முருங்கைக்காய் மூட்டை ஏற்றிப்போகும் சாலையில்தான் நான் தினமும் வண்டி ஓட்டுகிறேன். அந்த மரத்தின் பெயரைச் சுமந்த ஒரு பொருளில் ஊரார் நெஞ்சுப் படங்கள் எழுகின்றன என்று தெரிந்தபோது மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

நேரடித் தெர்மலில் லேசர் கிடையாது. பதினான்கு அங்குல அகலத்துக்குச் சீப்புப் பல் போல வரிசையாக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சூடேற்றும் புள்ளிகள் கொண்ட ஒரு தலை இருக்கும். ஃபிலிம் அதன் அடியில் நகரும்போது சூட்டுக்கு ஏற்பக் கருக்கும். சில ஃபிலிமில் வெள்ளி உப்பு, சிலவற்றில் வெள்ளியே இல்லாமல் சாயம். வெளிச்சத்திலேயே டப்பாவைப் பிரித்துப் போடலாம்.

மூன்றாவது இங்க்ஜெட். நீலமாகவோ வெள்ளையாகவோ ஒரு பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் மை உறிஞ்சும் பூச்சு, கடையில் வாங்குகிற சாதாரண மை டேங்க் பிரிண்டர். ட்ரை என்ற பெயரில் இதையும் சேர்த்தே விற்கிறார்கள். மூன்றிலும் முதலீடு குறைவு இதற்குத்தான். ஷீட்டும் மலிவு. அதனால்தான் தம்பிக்கு இதன்மேல் ஒரு கண்.

வியூ பாக்ஸில் மூன்று ஷீட்

வாயால் சொன்னால் நம்பிக்கை வராது என்று ஒரு காரியம் செய்தோம். சளி விடாமல் இருந்தபோது எடுத்த என் சொந்த நெஞ்சுப் படத்தையே எடுத்துக்கொண்டேன். எங்கள் தெர்மலில் ஒன்று, ஈரோட்டு நண்பரின் லேசரில் ஒன்று, தம்பி கொண்டுவந்த நீல ஷீட்டில் இங்க்ஜெட் ஒன்று. மூன்றையும் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் வியூ பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, அறை விளக்கை அணைத்தோம்.

லேசரையும் தெர்மலையும் இடம் மாற்றி மாட்டி எது எது என்று கேட்டேன். தம்பி இரண்டு தடவை தப்பாகச் சொன்னார், ஒரு தடவை சரியாகச் சொன்னார். நானும் ஓரத்து அடையாள எழுத்தை மறைத்துக்கொண்டு பார்த்தபோது தடுமாறினேன். இங்க்ஜெட்டை மட்டும் அறைக்குள் நுழைகிற யாரும் சொல்லிவிடுவார்கள்.

வித்தியாசம் எங்கே தெரிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். நெஞ்சுப் படத்தில் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நுரையீரல் பகுதி உண்டு. நல்ல படத்தில் அந்த வெள்ளைக்குள்ளேயே முதுகெலும்பின் அடுக்கும் இரத்தக்குழாய்களின் மெல்லிய கோடும் தெரியும். நிமோனியாவின் ஒரு சின்னத் திட்டு ஒளிந்துகொள்ள மிக விரும்புகிற இடம் அது. லேசரிலும் தெர்மலிலும் என் முதுகெலும்பை எண்ண முடிந்தது. இங்க்ஜெட்டில் இதயம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளை. இன்னொரு பக்கம், நுரையீரலின் வெளி ஓரம். அங்கே கருப்புக்குள் கருப்பாக நுண் கோடுகள் இருக்க வேண்டும். இங்க்ஜெட்டில் கருப்பு முழுக் கருப்பாகவே ஏறவில்லை, பாக்ஸ் வெளிச்சம் ஊடுருவி ஒரு நீலச் சாம்பலாக நின்றது.

இதற்கு அளவுகோல் ஒன்று உண்டு, ஒளி அடர்த்தி. அடர்த்தி 2 என்றால் பாக்ஸ் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குதான் கடந்து வரும். 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல ட்ரை ஃபிலிம் 3-ஐத் தொடும். கருப்பு எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ, வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் அத்தனை சாம்பல் படிகளுக்கு இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், பிரிண்டர் வாங்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

விற்கிறவர்கள் முதலில் பேசுவது டாட் கணக்கு, அதாவது புள்ளிக் கணக்கு. ஒரு அங்குலத்துக்கு 320, இன்னொன்றில் 508, லேசரில் 650 என்று அடுக்குவார்கள். இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 320 டாட் என்றால் ஒரு டாட்டின் அளவு சுமார் 79 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 508 என்றால் 50. நம் டி.ஆர் பிளேட்டின் ஒரு பிக்சல் சுமார் 140 மைக்ரான். எலும்பு, நெஞ்சுப் படங்களைப் பொறுத்தவரை மெஷினே 140 மைக்ரானுக்குக் கீழே எதையும் பிடித்துத் தரவில்லை. பிரிண்டர் 79-இல் எழுதினால் என்ன, 39-இல் எழுதினால் என்ன? பிடிக்காத நுணுக்கத்தை எந்தப் பிரிண்டரும் வரவழைக்க முடியாது. மார்பகப் படமான மேமோகிராம் மட்டும் விலக்கு. அங்கே சுண்ணாம்புத் துகள் ஒவ்வொன்றும் முக்கியம், மெஷினின் பிக்சலும் சிறியது, கருப்பும் இன்னும் ஆழமாக வேண்டும். மேமோகிராம் செய்கிறவர் அதற்கென்று சொல்லப்பட்ட ஃபிலிமும் பிரிண்டரும்தான் வாங்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி, மருத்துவப் படங்களுக்கான பொதுத்தரமான டைக்காமின் சாம்பல் அளவைப் பிரிண்டர் பின்பற்றுகிறதா என்பது. மனிதக் கண் வெளிச்சத்தில் ஒருமாதிரியும் இருட்டில் வேறுமாதிரியும் வித்தியாசம் கண்டுபிடிக்கும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியும் கண்ணுக்குச் சமமான இடைவெளியில் தெரியும்படி வகுத்த ஒரு பொதுவிதி இருக்கிறது. லேசர், தெர்மல் மருத்துவப் பிரிண்டர்கள் அதைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். ஃபிலிம் பேக் மாற்றும்போது ஒரு ஷீட்டை அளவெடுக்கச் செலவழிக்கிற மெஷின்களும் உண்டு. அதை வீண் ஷீட் என்று நினைத்து அணைத்துவைத்திருக்கும் சென்டர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மை டேங்க் பிரிண்டருக்கு இந்த விதியே தெரியாது. கம்ப்யூட்டர் 256 சாம்பலாகச் சுருக்கி அனுப்புவதை, கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோலவே அடித்துத் தள்ளும்.

வாங்குவதற்கு முன் நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். எஸ்.எம்.பி.டி.இ என்ற சோதனைப் படத்தைப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். அதில் முழுக் கருப்புக் கட்டத்துக்குள் 5 சதவீதச் சின்னக் கட்டம் ஒன்றும், முழு வெள்ளைக் கட்டத்துக்குள் 95 சதவீதக் கட்டம் ஒன்றும் இருக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியவேண்டும். தம்பி கொண்டுவந்த இங்க்ஜெட் ஷீட்டில் 95 சதவீதக் கட்டம் காணவே இல்லை. உள்ளங்கையை ஓரத்தில் மறைத்துப் பிடித்து, கண்ணை இடுக்கி, ஷீட்டைச் சாய்த்தெல்லாம் பார்த்தார். பிறகு அவராகவே அதைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

தெர்மலின் குறையையும் சொல்லியாக வேண்டும். தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டால், அல்லது ஒரு தூசு ஒட்டிக்கொண்டால், ஃபிலிம் நகரும் திசையில் மேலிருந்து கீழ்வரை முடிபோல ஒரு வெள்ளைக் கோடு விழும். ஒருமுறை மணிக்கட்டுப் படத்தில் அந்தக் கோடு எலும்பின் மேல் சரியாக விழுந்து, கீறலோ என்று எலும்பு டாக்டர் போன் செய்துவிட்டார். விசைத்தறிப் பஞ்சும் நெல் மில் உமித்தூசும் பறக்கிற ஊரில் இது அடிக்கடி வரும். சுத்தம் செய்யும் திரவத்தால் தலையை முறையாகத் துடைக்க ஒரு நாள் குறித்துக்கொண்டால் போதும். லேசரில் இந்தக் கோடு வராது. அங்கே வருவது வேறு: உருளை ஒரே சீராகச் சூடாகாவிட்டால் படம் ஒரு பக்கம் வெளிறும். பழுதுபார்க்க ஆள் கோவையிலிருந்து வரவேண்டும். நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சித்திரை வெயிலும் கார் டேஷ்போர்டும்

நம் ஊருக்கென்று யோசிக்க வேண்டியது வெயில். ட்ரை ஃபிலிமின் வேதிப்பொருள்கள் படம் எழுந்த பிறகும் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கின்றன. ஈர ஃபிலிமில் ஹைப்போ எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிடும், அதனால் சூடு அதை ஒன்றும் செய்யாது. ட்ரை ஃபிலிமுக்கு மறுபடி சூடு காட்டினால் மறுபடி கருக்கும்.

ஒரு சித்திரை மாதம். கணுக்கால் படத்தை வாங்கிக்கொண்ட குடும்பம் ஒன்று கவரைக் கார் டேஷ்போர்டில் போட்டுவிட்டு, சிவன்மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு, ஒரு கல்யாண வீட்டிலும் இருந்துவிட்டுச் சாயங்காலம் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். வெயிலில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கவரிலிருந்து எடுத்தபோது எலும்புக்குப் பின்புலம் எல்லாம் பழுப்பேறி, ஜன்னல் கம்பியின் நிழல்போல ஒரு பட்டை குறுக்கே ஓடியிருந்தது. எங்கள்மேல் கோபமாக வந்தார்கள், அது நியாயம். நாங்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அன்றிலிருந்து கவரின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டோம்: வெயிலில், காரில், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

அச்சிடாத ஃபிலிம் பேக்கையும் 25 டிகிரிக்குள் வைக்கவேண்டும். லேசர், தெர்மல் இரண்டுக்கும் இது பொது. இங்க்ஜெட் சூட்டைத் தாங்கும், ஆனால் ஐப்பசி மழையில் நனைந்தால் மை கரைகிற ஷீட்டுகள் உண்டு.

     

தண்ணீர் தப்பியது, மண்?

இனி சுற்றுச்சூழல். "கெமிக்கலில்ல" என்று விற்கிறவர் சொல்வது நம் அறைக்குள் மட்டும் உண்மை. லேசர் ஃபிலிமின் பூச்சைத் தொழிற்சாலையில் பூச நெடியான கரைப்பான்கள் பயன்படுகின்றன. தண்ணீரில் கரைத்துப் பூசும் முறைக்கு மாறிய நிறுவனமும் இருக்கிறது, வாங்கும்போது கேட்டு வாங்கலாம். லேசர் மெஷினில் சூட்டில் எழும் நெடியை உறிஞ்ச ஒரு கரி வடிகட்டி இருக்கும், அதை மாற்றிக் குப்பையில் சேர்க்கவேண்டும். உருளையைக் காலையிலிருந்து இரவுவரை சூடாகவே வைத்திருக்க மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு இருபது முப்பது படம் மட்டும் எடுக்கிற சிறு சென்டரில் அது தண்டச் செலவு. தெர்மல், அடிக்கும்போது மட்டும்தான் பெரிதாக இழுக்கும்.

இவையெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு தகட்டில் இருக்கிறது. மருத்துவ ஃபிலிமின் பாலியெஸ்டர் பொதுவாக 175 மைக்ரான் கனம். 14-க்கு 17 அங்குல ஷீட் ஒன்றைப் பரப்பு, கனம், அடர்த்தி வைத்துப் பெருக்கினால் சுமார் 37 கிராம் வரும். 10-க்கு 12 என்றால் 19 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 8-க்கு 10 என்றால் 12 கிராம் சொச்சம். ஒரு சென்டர் நாளைக்கு அறுபது ஷீட் 10-க்கு 12 அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல். வருடம் முந்நூறு நாளில் கிட்டத்தட்ட 340 கிலோ பிளாஸ்டிக், ஒரே ஒரு சிறு சென்டரிலிருந்து. குடிநீர் பாட்டிலும் இதே வகைப் பிளாஸ்டிக்தான். லேசர், தெர்மல், இங்க்ஜெட் மூன்றுக்கும் இந்தக் கணக்கில் ஒரு கிராம்கூடப் பெரிதாக மாறாது.

அந்த 340 கிலோ எங்கே போகிறது? பீரோ மேல், மச்சு மேல், கதவுக்குப் பின்னால் ஆணியில். பத்து வருடம் கழித்துப் பழைய இரும்புக் கடைக்கு. ஈரக் காலத்து ஃபிலிமில் வெள்ளி நன்றாக இருந்ததால் அதைத் தேடி வாங்கினார்கள். வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதைத் திறந்தவெளியில் எரித்தோ, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து உரித்துக் கழிவை ஓடையில் விட்டோதான் வெள்ளி எடுத்தார்கள். ட்ரை ஃபிலிமில் வெள்ளி குறைவு, சாய வகைத் தெர்மலில் அறவே இல்லை. வெள்ளி இல்லை என்பது நல்ல செய்தி என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பழைய ஃபிலிம் எடுக்க வருகிறவரே ஒருநாள் அதை உரசிப் பார்த்து, "இது வேண்டாமுங்க, இதுல ஒண்ணுமில்ல" என்று ஒதுக்கி வைத்துவிட்டுப் போனபோதுதான் புரிந்தது. வெள்ளி இருக்கிற ஃபிலிமுக்கு ஒரு விலையாவது இருந்தது, அந்த விலை அதைக் குப்பைமேட்டுக்குப் போகாமல் இழுத்துவைத்தது. இதற்கு அதுவும் கிடையாது. கசப்பான உண்மைதான், ஆனால் தெர்மல் வாங்கச் சொல்கிற நான் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆகவே ஷீட்டைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிற ஒரே உருப்படியான வழி. முழங்காலை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுத்தால் இரண்டையும் ஒரே 8-க்கு 10-இல் பிரித்துப் போடலாம். நெஞ்சுப் படத்தை 14-க்கு 17-இல் அடிக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இடுப்பு மூட்டு, முழங்கால் மாற்று அறுவைக்கு அளவெடுக்க வேண்டிய படம் என்றால் மட்டும் சரியான அளவில் கொடுங்கள். இம்பிளான்ட் அளவை அந்தப் படத்தின்மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள், அங்கே சிக்கனம் கூடாது.

ஃபிலிமே இல்லாமல்?

ஒருமுறை துணிந்து, டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார் என்று படம் கொடுக்காமல் அனுப்பினோம். ஊதியூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கவுண்டரை விட்டு நகரவே இல்லை. "ஏங்கண்ணு, காசு வாங்கீட்டு வெறுங்கையோட அனுப்பறீங்களே. நாளைக்கு வேற டாக்டருகிட்டப் போனா நான் எதைக் காட்டறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. படம் அவருடைய உடம்பின் ஆவணம். பெருந்துறை காசநோய் சானடோரியத்துக்குத் தாத்தாவைக் கூட்டிப்போன படத்தை இன்னும் மடிக்காமல் பாதுகாக்கும் வீடுகள் இந்தப் பக்கம் இருக்கின்றன.

டிஜிட்டல் வழியின் பெரும்பலம், படத்தை முழுதாகக் கொடுப்பது. ஃபிலிமில் நாம் ஒரே ஒரு வெளிச்ச அளவைத் தேர்ந்து அடித்துவிடுகிறோம். கம்ப்யூட்டரில் டாக்டர் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து இதயத்துக்குப் பின்னாலும் பார்க்கலாம், விலா எலும்பையும் தனியாகப் பார்க்கலாம். சி.டி ஸ்கேனில் ஃபிலிம் இன்னும் பலவீனம். ஐந்நூறு வெட்டுப் படம் எடுத்துவிட்டு, ஷீட்டில் இருபது இருபதாகச் சிலதை மட்டும் அடித்துக் கொடுப்பது, மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டுவது போலத்தான். ஒரு வெட்டுக்கு அரை எம்.பி என்றால் ஐந்நூறும் சேர்ந்து 250 எம்.பி. 700 எம்.பி குறுந்தகட்டில் தாராளமாக அடங்கும். ஒரு நெஞ்சு டி.ஆர் படம் 15 எம்.பி அளவுதான்.

ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவதை டிஜிட்டல் என்று எண்ணிவிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கி நுணுக்கத்தை உதிர்த்துவிடும். வியூ பாக்ஸில் மாட்டிய ஃபிலிமைப் போனில் படம்பிடித்து அனுப்புவது இன்னும் மோசம். மூலக் கோப்பை டாக்குமெண்டாகவோ, கடவுச்சொல் உள்ள லிங்க்காகவோ அனுப்ப வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. நோயாளியின் பெயரோடு படத்தைக் கண்ட குரூப்பில் போடுகிற பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

டாக்டர் மேஜையில் இருக்கும் மானிட்டரையும் பார்க்கவேண்டும். கணக்கெழுதுகிற சாதாரண மானிட்டரில், ஜன்னல் வெளிச்சம் எதிரடிக்க, நெஞ்சுப் படத்தைப் பார்ப்பதைவிட நன்றாக அடித்த ட்ரை ஃபிலிமை வியூ பாக்ஸில் பார்ப்பது மேல். எங்களுக்குப் படம் அனுப்பும் டாக்டர்களில் பாதிப்பேர் இன்னும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். மானிட்டரும் சர்வரும் ஒருநாள் மின்கழிவு ஆகும் என்பதையும் மறக்கக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் மருத்துவச் சாதனங்களும் அடக்கம், ஓடாத பிரிண்டரைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ள முடியாது.

தம்பிக்குச் சொன்னது

எலும்பும் நெஞ்சும்தான் அவருக்கு வரப்போகிற வேலை. மேமோகிராம் இல்லை, சி.டி இல்லை. அதனால் நேரடித் தெர்மல், இரண்டு தட்டு உள்ளது: ஒன்றில் 8-க்கு 10, இன்னொன்றில் 10-க்கு 12. 14-க்கு 17 வேண்டாம். கோவையில் பெரிய சென்டர் வைத்து மேமோவும் சி.டி-யும் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் லேசர் என்றிருப்பேன், நாள் முழுக்க ஓடும் இடத்தில் உருளைச் சூடு வீணாகாது. இங்க்ஜெட்டை நோய் பார்க்கும் படத்துக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அல்ட்ராசவுண்ட் படத்துக்கு அதே பிரிண்டரில் நல்ல காகிதம் போதும், பிளாஸ்டிக் தகடே தேவையில்லை.

படம் அனுப்பும் டாக்டர் ஒவ்வொருவரிடமும் நேரில் போய், நல்ல மானிட்டர் இருக்கிறதா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன். இருக்கிறவர்களுக்கு லிங்க் மட்டும். நோயாளி கேட்டால் மட்டும் ஒரு சின்ன ஷீட். இல்லாதவர்களுக்கு ஃபிலிம். பழைய படத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் வாங்கிவைத்து, பெயர் இருக்கும் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சியாளரிடம் மட்டும் மொத்தமாகக் கொடுக்கலாம். ஒரு சென்டரின் அளவுக்காக யாரும் வண்டி எடுத்து வரமாட்டார்கள். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் மூன்றும் சேர்ந்தால் வருவார்கள்.

"அப்ப நீங்க ஒரு மூட்டை சேர்த்து வையுங்ணா, நானும் வெக்கறேன்" என்றார். எங்கள் ஸ்டோர் ரூமில் பிரிண்டருக்கு அருகே ஒரு வெள்ளைச் சாக்கு இப்போது நிற்கிறது. முதலில் உள்ளே போனது அந்த மூன்று நெஞ்சுப் படங்களில் இங்க்ஜெட் ஷீட். மற்ற இரண்டையும் அடுத்து வந்து கேட்கிறவருக்குக் காட்ட வியூ பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.